கரண்டிமூக்கு இருக்கா?

பிப்ரவரி 4, செவ்வாய்

மேல்தாடை ஒன்று, கீழ்த்தாடை இரண்டு, உதிரிப் பல் கொஞ்சம். மெழுகு தீர்ந்துவிட்டது, நாளைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அக்காவுக்குக் குளியல், தலை துவட்டல், இடது கைக்குப் பயிற்சி. கை இன்றும் அசையவில்லை. கைக்கும் சேர்த்து அக்கா பேசித் தீர்த்துவிட்டாள்.

என் வேலை மேசையில் எப்போதும் ஏழெட்டு வாய்கள் பிளந்து கிடக்கும். முகம் தெரியாத மனிதர்களின் பிளாஸ்டர் வாய்கள். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிறார்கள், நான் வீட்டில் உட்கார்ந்தபடியே பல்செட் செய்து அனுப்புகிறேன். இத்தனை வாய் இருந்தும் இந்த நான்காம் மாடி வீட்டில் பேசுவது ஒரே ஒரு வாய்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் சூப்பர்வைசராக இருந்த வாய். பக்கவாதமே அதைத் தொடப் பயந்து இடது கையோடும் காலோடும் நின்றுவிட்டது.

சாயங்காலம் கைபேசியில் எங்கள் பறவை பார்க்கிற குழுவில் கம்பவுண்டர் ஒரு படம் போட்டிருந்தார். நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சேற்றுவெளி. நடுவில் ஒரு பொடிப் பறவை, பாதி கலங்கலாக. கீழே ஒரு வரி: "பல்லக்கா, கொஞ்சம் நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

பல்லக்கா நான்தான். பல் செய்கிற அக்கா.

பல்லின் விளிம்பைப் பார்க்கிற லென்ஸை வைத்துப் பார்த்தேன். மூக்கு நுனி தட்டையாக, அகலமாக இருந்தது. கரண்டியேதான். கரண்டிமூக்கு உள்ளான்!

"என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றாள் அக்கா.

ஒன்றுமில்லை என்றேன். வேறென்ன சொல்ல?


பிப்ரவரி 5

தூக்கம் சரியில்லை. சந்தோஷத்தில் தூக்கம் கெட்டு எத்தனை காலம் ஆகிறது!

எழுதி வைக்கிறேன், பிறகு நானே நம்ப மாட்டேன். கரண்டிமூக்கு உள்ளான் உள்ளங்கைக்குள் அடங்கும். உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். வடகோடியில் பனி உருகும் வெட்டவெளியில் முட்டையிட்டு, குளிருக்குப் பயந்து கடல் கடலாகத் தாண்டி இந்தப் பக்கத்துச் சேற்றுக்கு வரும். வெயில் ஏற ஆரம்பித்ததும் திரும்பிவிடும். மார்ச் கடைசி, மிஞ்சினால் ஏப்ரல் முதல் வாரம். அதற்குள் பார்த்தால்தான் உண்டு.

குழுவில் சேர்ந்த நாளிலிருந்து நான் ஆசைப்பட்ட பறவை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கண்ணில் பட்டதால் பார்த்தவை. அது இங்கிருந்து ஒரு பஸ் தூரத்தில் நிற்கிறது. நானும் இங்கே நிற்கிறேன், அக்காவின் மூத்திரச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு.

அக்கா படுத்த நாளிலிருந்து நான் ஒரு ஞாயிறு கூடக் கரைக்குப் போனதில்லை. இரண்டு வருடம். வெளியே போனால் கடை, மருந்து, குப்பை. அரை மணிக்குள் திரும்பிவிடுவேன்.


பிப்ரவரி 7, வெள்ளி

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. அரிய பறவை வந்திருந்தால், அன்றைக்குக் கரைக்கு முதலில் போகிறவர் ஒரே ஒரு வார்த்தை எழுத வேண்டும். இருக்கு. அல்லது, இல்லை. கதை, கவிதை, படம் எல்லாம் அதற்குப் பிறகு. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மற்றவர்கள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள்.

அவர்கள் எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்வது என் வேலை. கடல் வற்றிக் கிடக்கும்போது போனால் பறவைகளெல்லாம் தொலைவில் புள்ளி புள்ளியாகச் சிதறிக் கிடக்கும். கடல் ஏற்றம் வரவரத் தண்ணீர் சேற்றை மூடும். நிற்க இடமில்லாமல் ஒவ்வொன்றாகப் பின்வாங்கி, கடைசியில் கரையோரக் கற்களுக்குப் பக்கத்தில் வந்து நெருக்கியடித்து நிற்கும். அப்போதுதான் பார்க்க வேண்டும். "தண்ணீர் கல்லைத் தொடும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்று சட்டம் போட்டவளே நான்தான். தினமும் அட்டவணையைப் பார்த்து ஏற்ற நேரத்தைக் குழுவில் எழுதுகிறேன். வீட்டை விட்டு நகராதவள் ஊருக்கெல்லாம் நேரம் சொல்கிறாள்.

இன்று மழைக்கோட்டு முதலில் போயிருக்கிறாள். வெயில் கொளுத்தினாலும் மழைக்கோட்டைக் கழற்றாத பெண், வங்கியில் வேலை. எழுதியிருந்தாள்: இருக்கு.


பிப்ரவரி 8

இருக்கு.


பிப்ரவரி 10, திங்கள்

இருக்கு. ஐந்து பேர் பார்த்துவிட்டார்கள். "ஜென்ம சாபல்யம்" என்று எழுதியிருக்கிறார் கம்பவுண்டர். வாழ்த்துக்கள் என்று எழுதிவிட்டுப் போய்ப் பிளாஸ்டர் கலக்கினேன். கட்டி தட்டிவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி கலக்கினேன்.


பிப்ரவரி 12

உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று கீழ்வீட்டு டீச்சர் லிஃப்டில் கேட்டார். வைக்காமலா இருந்தேன்? முதல் பெண்ணுக்குக் கை சில்லென்று இருக்கிறது என்று அக்கா அனுப்பிவிட்டாள். இரண்டாவது பெண் மூக்கை உறிஞ்சினாள். மூன்றாவது பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. "எதுக்கெடுத்தாலும் சரிங்கம்மா சரிங்கம்மாங்கறா, எனக்குப் பயமா இருக்கு" என்று அவளையும் அனுப்பிவிட்டாள்.

"நீ இருக்கும்போது எனக்கு எதுக்குடி வேறொருத்தி?" இதைப் பாசமாகத்தான் சொல்கிறாள். பாசமாகச் சொல்வதுதான் கஷ்டம். திட்டினால் திருப்பித் திட்டிவிடலாம். அம்மா போனபோது எனக்கு வயது ஆறு. பல் விழுந்ததும் இவளிடம் காட்டினேன், பெரியவளானதும் இவளிடம்தான் சொன்னேன். அவளுக்கு வந்த சம்பந்தம் எல்லாம் "தங்கச்சி ஒருத்தி இருக்கா" என்ற ஒரே வரியில் திரும்பிப் போனது.

அப்படிப்பட்டவளிடம் போய், ஒரு உள்ளானைப் பார்க்க வேண்டும், விடு என்று எப்படிக் கேட்பது?


பிப்ரவரி 14

கேட்டுவிட்டேன். ஞாயிறு காலை ஏற்றம். டீச்சர் வந்து உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார்.

"போயிட்டு வா. நானா உன்னக் கட்டிப் போட்டிருக்கேன்?" என்றாள் அக்கா.


பிப்ரவரி 16, ஞாயிறு

பஸ் நிறுத்தம் வரை போனேன்.

பஸ் வந்துவிட்டது. ஒரு காலைப் படியில் வைத்தபோது போன். அக்கா. "பாப்பா, நெஞ்ச அடைக்குதுடி. மூச்சு விட முடியல."

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பைனாகுலர் மார்பில் இடித்து இடித்துக் கன்றிப் போயிருக்கிறது. கதவைத் திறந்தால் அக்கா தலையணையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். டீச்சர் கையைப் பிசைகிறார். "திடீர்னு ஒரு மாதிரி ஆயிட்டாங்க. உங்களக் கூப்பிட்டதும் சரியாயிடுச்சு."

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. கோப்பைக்குள் பார்த்தபடி, "நிஜமாத்தான் அடைச்சுது," என்றாள்.

நிஜமாகவே அடைத்திருக்கலாம். பயத்திலும் அடைக்கும். அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஷூவைக் கழற்றும்போது, இவள் செத்துப் போகட்டும் என்று ஒரு நொடி — ஒரே நொடி — நினைத்தேன். எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

குழுவில்: இருக்கு. கல்லுக்குப் பக்கத்தில்.


பிப்ரவரி 21

ஒரு புது ஆள் "இரண்டாவது கரண்டிமூக்கு!" என்று படம் போட்டார். ஊரே அமளிப்பட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அது கொசு உள்ளான், சாதாரணமாகக் கூட்டம் கூட்டமாகத் திரிகிற ஜாதி. மூக்கு நுனியில் சேறு அப்பியிருக்கிறது, அவ்வளவுதான். "மூக்கைக் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள்" என்று எழுதினேன். எல்லோரும் சிரிக்கிற பொம்மைப் படம் போட்டார்கள். அந்த ஆளும் சிரித்தார், பாவம்.

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த முகத்தோடு அக்காவுக்கு ரொட்டி ஊட்டினேன். "இன்னிக்கு என்ன, அம்மணி குளுகுளுன்னு இருக்கீங்க?" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் அவளுக்கும் என்னை விட்டால் பார்க்க வேறு முகம் இல்லை.


மார்ச் 2, ஞாயிறு

விபரீதம் ஆகிவிட்டது. படம் எப்படியோ குழுவை விட்டு வெளியே போயிருக்கிறது. இன்று கரையில் திருவிழாக் கூட்டமாம். பெரிய பெரிய காமிராக்கள். மழைக்கோட்டு போனில் அழாத குறை. "பறக்கற மாதிரி படம் வேணுமாம் பல்லக்கா. சேத்துல இறங்கிக் கை தட்டி எழுப்பறாங்க. எழும்பி ஒரு வட்டம் போட்டு வந்து உக்காரும். உடனே மறுபடி எழுப்புவாங்க. உக்காரவே விடல."

ஏற்றத்தின்போதுதான் அவை ஓய்வெடுக்கும். மற்ற நேரமெல்லாம் இரை தேடவே சரியாக இருக்கும். இப்போது தின்று கொழுத்து ஓய்வெடுத்தால்தான் அவ்வளவு தூரம் பறந்து போக முடியும். உட்கார விடாவிட்டால் நடுக்கடலில் விழும்.

அத்தனை பேரும் எப்படி மிகச் சரியாக ஏற்ற நேரத்துக்கு வந்து நின்றார்கள்? நான் எழுதிப் போட்ட நேரம். அதையும் சேர்த்துத்தான் பரப்பியிருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே அதன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டேன்.


மார்ச் 3, திங்கள்

குழுவில் எழுதினேன்: இன்றிலிருந்து நேரமும் வேண்டாம், இடமும் வேண்டாம், இருக்கு இல்லை என்ற பேச்சும் வேண்டாம். அது கிளம்பும்வரை யாரும் மூச்சு விடக் கூடாது. வந்தவர்களிடம் போய்விட்டது என்று சொல்லிவிடுங்கள்.

எல்லோரும் சரி என்றார்கள். கம்பவுண்டர் மட்டும், "பல்லக்கா இன்னும் பாக்கலையே. அவங்க ஒரு தடவை பாத்துட்டு வரட்டும், அப்புறம் நிறுத்திக்கலாம்" என்று எழுதினார். அதற்குக் கீழே மளமளவென்று ஆமாம், ஆமாம், ஆமாம்.

அந்த ஆமாம்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பிறகு எழுதினேன்: எனக்காக வேண்டாம். இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

பெரிய மனுஷி என்று பெயர் வாங்கியாகிவிட்டது. பாத்திரம் தேய்க்கும்போது அழுகை அழுகையாக வந்தது.


மார்ச் 6

குழுவில் ஒன்றுமில்லை.


மார்ச் 9, ஞாயிறு

ஒன்றுமில்லை. யாரோ பூனைப் படம் போட்டிருந்தார்கள்.

முன்பெல்லாம் காலையில் அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், அன்றைய பொழுது ஓடிவிடும். நான் அங்கே இல்லாவிட்டாலும் அது அங்கே இருக்கிறது என்று தெரியும். இப்போது அதுவும் தெரியாது. ஜன்னலைச் சாத்தினால் பிளாஸ்டர் நெடி, திறந்தால் எதிர்க் கட்டடத்தின் குளியலறைக் குழாய்கள். மேசையில் வாய்கள். அறையில் அக்கா. இந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று நான் போன் செய்தால் யார் ஓடி வருவார்கள்?


மார்ச் 14, வெள்ளி

இன்று வாயை விட்டுவிட்டேன்.

அக்கா சும்மா இருந்திருக்கலாம். "என்னடி, கொஞ்ச நாளா உன் போன் சத்தமே காணோம். குருவிக்காரங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்களா?" என்றாள். அவள் பாணி விளையாட்டுத்தான்.

கையில் கீழ்த்தாடை ஒன்று இருந்தது, பளபளப்பேற்றி முடித்தது. மேசையில் வைத்தேன். வைத்தேனா, எறிந்தேனா... இரண்டாகப் போய்விட்டது.

என்ன சொன்னேன்? ஞாபகம் இருக்கிறவரை எழுதுகிறேன். "உனக்கு ஒரு கையும் ஒரு காலும்தாங்க்கா விழுந்துச்சு. எனக்கு ரெண்டு கையும் விழுந்துடுச்சு, ரெண்டு காலும் விழுந்துடுச்சு. நீயாவது படுத்திருக்கே. நான் நின்னுட்டே செத்துட்டிருக்கேன். ஒரே ஒரு காலைப்பொழுது கேட்டேன். ஒண்ணே ஒண்ணு. நெஞ்சடைக்குதுன்னே. உன் நெஞ்சு எனக்குத் தெரியாதா? நான் இல்லாம நீ செத்துடுவேன்னு பயமா, இல்ல நான் இல்லாமலும் பொழைச்சிடுவேன்னு பயமா?"

கடைசி வரி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மதியம் சாப்பிட்டாள். மாத்திரை போட்டுக்கொண்டாள். எக்ஸ்சேஞ்சில் எல்லா லைனும் ஒரே நேரத்தில் அறுந்துபோனால் எப்படி இருக்கும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். இன்று வீடு அப்படி இருந்தது.

விளக்குப் போடும் நேரத்தில் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "ஒருத்தியக் கூட்டிட்டு வா. பாக்கறேன்."

மன்னிப்புக் கேட்கலாமா என்று கட்டிலருகே போனேன். "உடைஞ்ச பல்லுக்கு டாக்டர் கிட்ட என்ன சொல்லப் போறே?" என்றாள். விழுந்துவிட்டது என்று சொல்வேன் என்றேன். "யாரு, நானா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்ததால் மன்னிப்புக் கேட்க முடியவில்லை.


மார்ச் 19

வந்திருக்கிறாள். என் வயதுதான் இருக்கும், நல்ல உடம்பு. தொழிற்சாலைக் கேன்டீனில் ஐந்நூறு பேருக்குச் சமைத்தவளாம். வந்ததும் வராததுமாகக் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். "ஏம்மா, சுவத்துல என்ன படமா ஓடுது?"

அக்கா என்னைக் கூப்பிட்டு மெதுவாக, "யாருடி இது போலீஸ்?" என்றாள்.

போலீஸ் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் காது படவே கூப்பிடுகிறாள். அவளும் "சொல்லுங்க கைதி" என்கிறாள். கை சில்லென்று இருக்கிறதா, மூக்கை உறிஞ்சுகிறாளா என்ற விசாரணை எதுவும் இல்லை. எத்தனை நாளைக்கோ.


மார்ச் 25, செவ்வாய்

மழைக்கோட்டு தனியாகப் போன் செய்தாள். குழுவில் எழுதக் கூடாது, ஆனால் காதோடு சொல்லலாமே. இருக்கிறதாம். கூட்டம் ஓய்ந்துவிட்டது. கழுத்தும் மார்பும் செம்மை தட்ட ஆரம்பித்துவிட்டன. அப்படி நிறம் மாறினால் கிளம்பப் போகிறது என்று அர்த்தம். "இந்த ஞாயிறுதான் பல்லக்கா. அடுத்த ஞாயிறு நிக்குமான்னு தெரியாது. ஏற்றமும் காலையிலதான். வந்துடுங்க."

போலீஸிடம் சொன்னேன். "அதுக்குத்தானே நான் இருக்கேன்" என்றாள். அக்காவிடம் சொன்னேன். "போ" என்றாள். அவ்வளவுதான். முன்பு கேட்டபோது சேர்த்துச் சொன்ன 'நானா உன்னக் கட்டிப் போட்டிருக்கேன்' இப்போது இல்லை.


மார்ச் 29, சனி

பைனாகுலர் துடைத்தாகிவிட்டது. போலீஸுக்குச் சொல்ல வேண்டியது: உட்கார வைத்துத்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும், படுத்தபடி கொடுத்தால் புரையேறும். ஒவ்வொரு மடக்காக. மதிய மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு. மூன்று தடவை சொல்லிவிட்டேன். "எழுதி ஒட்டிடுங்களேன், நெத்தியில" என்றாள்.


மார்ச் 30, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது? நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பஸ் ஏறினேன். போன் வரவில்லை. இறங்கினேன். வரவில்லை. நீரேற்று நிலையத்தின் பின்பக்கம் சுற்றிக் கரைமேல் ஏறியதும் அந்தச் சேற்று நாற்றம் மூக்கில் அடித்தது. இரண்டு வருடம் கழித்து. நின்றுவிட்டேன்.

"பல்லக்கா வந்தாச்சு!" என்று கம்பவுண்டர் கத்த வந்து, கத்தக் கூடாது என்று நினைவு வந்து, வாயைப் பொத்திக்கொண்டார். மழைக்கோட்டு தன் ஸ்டூலை எனக்குக் கொடுத்தாள். தொலைநோக்கியை என் உயரத்துக்கு இறக்கி வைத்தார்கள். வேறு யாரும் இல்லை.

தண்ணீர் இன்னும் தூரத்தில் இருந்தது. மிளகைக் கொட்டினாற்போல் சேறு முழுக்கப் பறவைகள். அதில் ஒன்றுதான் அது. பொறுத்திருக்க வேண்டும். பொறுத்திருப்பது எனக்குப் புதிதா?

போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வீட்டுக்கு அழைத்தேன். போலீஸ் எடுத்தாள். "எல்லாம் நல்லா இருக்கும்மா. நீங்க பாருங்க." பின்னால் அக்காவின் குரல் ஏதோ கேட்டது. சரி என்று வைத்தேன்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மிளகெல்லாம் கால் முளைத்துப் பின்வாங்க ஆரம்பித்தன. நான் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருக்கிறேன், ஆனால் பார்ப்பதெல்லாம் அக்காவின் தொண்டையை. இப்போது தண்ணீர் கேட்பாள். போலீஸ் அவளைப் படுக்க வைத்தபடியே கொடுப்பாள். புரையேறும். இவள் முதுகில் தட்டுவாள், தட்டக் கூடாது. அதைச் சொன்னேனா? சொல்லவில்லையே!

மறுபடி அழைத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை.

எழுந்துவிட்டேன்.

மழைக்கோட்டு கையைப் பிடித்தாள். "இன்னும் கொஞ்ச நேரம்தான். தண்ணி வந்துட்டே இருக்கு பாருங்க. கல்லத் தொடறவரைக்கும் எழுந்திருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?" நான் அதற்குள் கரையிறங்கிவிட்டேன். மூன்றாம் முறை அழைத்தபோது பஸ்ஸில் இருந்தேன், அப்போதும் எடுக்கவில்லை.

நான்காம் மாடியில் லிஃப்ட் திறந்தபோதே சத்தம் கேட்டது. அக்காவின் சிரிப்பு. இருமலாக மாறி, திரும்பவும் சிரிப்பாக மாறுகிற அந்தப் பெருஞ்சிரிப்பு. அதைக் கேட்டே வெகுகாலம் ஆகிறது. உள்ளே போனால் கட்டில் முழுக்கச் சீட்டுக்கட்டு. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். சீட்டுகளை அக்காவின் இடது விரல்களுக்கிடையில் போலீஸ் செருகி வைத்திருக்கிறாள்.

"அதுக்குள்ள ஏன்டி வந்தே? ஆட்டம் பாதியில நிக்குது," என்றாள் அக்கா.

"அம்மா பயங்கரமா ஏமாத்தறாங்க," என்றாள் போலீஸ்.

ஷூவோடு நின்றேன். "போன் அடிச்சேனே. ஏன் எடுக்கல?"

"முப்பது வருஷம் ஊர் போனெல்லாம் எடுத்தாச்சு. இன்னிக்கு ஒரு நாள் எடுக்கல," என்றாள் அக்கா.

அப்போதுதான் என் போன் அடித்தது. மழைக்கோட்டு. ரொம்பத் தாழ்ந்த குரலில், யாரையோ எழுப்பிவிடாமல் பேசுகிறவள் போல. "பல்லக்கா... வந்துடுச்சு. கல்லுக்குப் பக்கத்துலேயே. நீங்க உக்காந்த ஸ்டூலுக்கு நேரா. மார்பெல்லாம் சிவப்பு."

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கோபம் கோபமாக வந்தது. யார்மேல் படுவது என்று தெரியாமல் வந்தது. அறைக்குத் திரும்பி, "உன்னாலதான்" என்று ஆரம்பித்தேன்.

அக்கா சீட்டுகளைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "போன தடவை நான் கூப்பிட்டேன். வந்தே. அது என் தப்பு, ஒத்துக்கறேன். இந்தத் தடவை உன்னை யார் பாப்பா கூப்பிட்டா?"


மார்ச் 31

பல் வேலை. அக்கா அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்கவில்லை.


ஏப்ரல் 2, புதன்

யோசித்துப் பார்க்கிறேன். இரண்டு வருடமாகக் கதவை அடைத்துக்கொண்டு நிற்பது அக்கா என்றே நினைத்திருந்தேன். பாதிதான் உண்மையோ? அந்த மூன்று பெண்களில் ஒருத்தியையாவது நான் தடுத்து நிறுத்தினேனா? அக்கா அவர்களைப் போகச் சொன்னதும் உள்ளுக்குள் லேசாக ஒரு நிம்மதி வரவில்லையா, பார், என்னைத் தவிர யாராலும் முடியாது என்று? அன்று சீட்டாட்டத்தைப் பார்த்தபோது எனக்குக் கசந்தது. பறவையைத் தவறவிட்டது தெரிவதற்கு முன்பே கசந்துவிட்டது.

நான் தேவைப்படாமல் அவள் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான் விஷயம். கேவலமாக இருக்கிறது. ஆனால் அதுதான்.


ஏப்ரல் 6, ஞாயிறு

குழுவில் மறுபடி பேச்சு வந்துவிட்டது. கம்பவுண்டர் எழுதியிருந்தார்: மூன்று நாளாக இல்லை. கிளம்பிவிட்டது. இனி பேசலாம்.

எல்லோரும் வழியனுப்பி எழுதினார்கள். நானும் ஒரு வரி எழுதினேன். நல்லபடியாகப் போய்ச் சேரட்டும்.


ஏப்ரல் 13

போலீஸ் வந்தும் நான் கரைக்குப் போகவில்லை. பறவை இல்லையே, எதற்குப் போவது என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். வாய்கள் காத்துக் கிடக்கின்றன என்று இன்னொரு சாக்கு. சாயங்காலம் வரை மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்து அறையில் அவர்கள் சீட்டாடினார்கள். ஒரு தடவை அக்கா எட்டிப் பார்க்கச் சொல்லியிருப்பாள் போல, போலீஸ் வந்து, "இன்னும் இங்கதான் இருக்கீங்களான்னு கேக்கறாங்க" என்றாள்.


ஏப்ரல் 27, ஞாயிறு

இதைக் கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காற்று தாளைப் புரட்டுகிறது, எழுத்து கோணல்மாணலாக வரும்.

இன்று அரிய பறவை எதுவும் இல்லை. முக்கால்வாசியும் வடக்கே போய்விட்டன. மிச்சம் கொஞ்சம் கொசு உள்ளான்கள், இரண்டு கொக்கு. தண்ணீர் கல்லைத் தொட்டது. தொட்டபோது அவை என் காலுக்குப் பக்கத்தில், அலகை முதுகுக்குள் செருகி, ஒற்றைக் காலில் தூங்கின. கரண்டிமூக்கை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே போனது போனதுதான். அதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. அடுத்த வருடம் வருமா என்று யாருக்குத் தெரியும், இருப்பதே சில நூறு.

வீட்டுக்கு அழைக்கவில்லை. நான்கைந்து தடவை கை போனை எடுத்துவிட்டது. எடுத்த கையை மறுபடி பைக்குள் விட்டேன்.

தண்ணீர் இறங்கிச் சேறு வெளியே வந்துவிட்டது. மற்றவர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். கம்பவுண்டர் போகிற போக்கில் நின்று, "பல்லக்கா, நேரமாச்சே. வீட்டுல தேட மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"தேடட்டுமே," என்றேன்.

சொன்ன பிறகு எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.